ஏணியின் கடைசிப் படியில் அக்கா வீடு

1

குளியலறைக் கதவின் அடி இடுக்கு வழியாக அது வந்தது. மூக்குக்கு முன்னால் கண்ணுக்குத் தெரிந்துவிடும் வாசனை அது. இமைக்குள் முதலில் ஒரு கரிப்பு, பிறகு மூக்குத்தண்டில் ஓர் ஊசி, பிறகு தொண்டைக்குள் யாரோ சாவியைத் திருப்பிப் பூட்டுவதுபோல ஓர் இறுக்கம். அமோனியா. உள்ளே என் மகள் ஷாலினி தலைமுடியை வெளுத்துக்கொண்டிருந்தாள். பதினேழு வயது. முடி கறுப்பாக இருப்பது இந்த நார்வே ஊரில் அவளுக்கு ஒரு குறை.

நான் ஓடவில்லை. காப்பிக் குவளையோடு கதவுக்கு வெளியே நின்று, பயம் நூற்றுக்கு எவ்வளவு என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அறுபது. நாற்பத்தைந்து. முப்பது. பத்து. காப்பி ஆறுவதற்குள் இறங்கிவிட்டது. பயமாக இருக்கிறதா என்று கதவுக்குப் பின்னாலிருந்து அவள் நார்வே மொழியில் கேட்டாள். இல்லை என்று தமிழில் சொன்னேன். கேள்வி அந்த மொழியிலும் பதில் இந்த மொழியிலுமாகப் பல வருடங்களாக ஓடுகிறது எங்கள் வீடு. இரண்டும் ஒரு நாள் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் போய்விடும் என்று நினைக்கிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன்பென்றால் சட்டைகூட இல்லாமல் பனியில் போய் நின்றிருப்பேன். இப்போது நான் குணமானவன். அதற்குக் கடிதம் இருக்கிறது. இன்று தேவராஜ் மாமாவின் நினைவு நாள். குணமானவனாக இருப்பது எப்படி இருக்கிறது என்று ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நல்ல செய்தி என்று நினைத்துப் படிக்காதீர்கள்.

2

எனக்கு இருபத்திரண்டு வயதாக இருந்தபோது ராயபுரத்தில், மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால், ஓர் ஐஸ் ஃபேக்டரியில் வேலை பார்த்தேன். இப்போது அது இல்லை. அந்த இடத்தில் லாரி நிற்கிறது. என் அக்கா கஸ்தூரியின் கணவர் தேவராஜ் மாமா அங்கே கம்ப்ரசர் ஆபரேட்டர். அவர்தான் என்னைச் சேர்த்துவிட்டார். தண்ணீரை உறைய வைப்பது அமோனியா. எங்களுக்கு அதன் பெயர் வெறும் கேஸ். லேசாக எப்போதும் கசிந்துகொண்டுதான் இருக்கும். கண் எரிந்தால் முகம் கழுவிக்கொண்டு வருவோம்.

ஒரு மத்தியானம் குழாயின் மூட்டு ஒன்று விட்டுவிட்டது. வெள்ளையாக ஒரு சுவர் எழுந்து நடந்து வந்ததுபோல இருந்தது. வால்வை மூடு என்று மாமா கத்தினார். வால்வு எனக்கு நாலு எட்டுத் தொலைவு. நான் வாசலுக்கு ஓடினேன். தெருக்குழாயின் அடியில் தலையைக் கொடுத்து உட்கார்ந்துகொண்டேன். உள்ளே போய் வால்வை மூடியது மாமா. மூடிவிட்டு நடந்தே வெளியே வந்தார். என்னைப் பார்த்து, தலையைத் துவட்டிக்கோ என்றார்.

அதன் பிறகு ஒன்பது வருடம் இருந்தார். ஒன்பது வருடமும் இருமினார். என்னிடம் ஒரு வார்த்தை அதைப் பற்றிப் பேசவில்லை. அவர் இருமத் தொடங்கினால் நான் தெருவுக்குப் போய்விடுவேன். அதுவும் ஓட்டம்தான், மெதுவான ஓட்டம்.

அவர் போன பிறகு அக்கா விம்கோ நகரைத் தாண்டி, எண்ணூர் போகிற ரோட்டுக்கு உள்ளே, ஃபேக்டரிகளுக்கு நடுவே ஒரு சந்தில் குடியேறினாள். அங்கே அங்கன்வாடியில் ஆயா வேலை. என் மனைவி நர்ஸ். அவள் வேலைக்காக இந்த நாட்டுக்கு வந்தாள். நான் அவளுக்காக வந்தேன். ஒரு பள்ளிக்கூடத்தின் தரையைத் துடைக்கிறேன். கடலுக்கு இந்தப் பக்கம் எனக்கு எந்த ஆபத்தும் இல்லை. ஆனால் தினமும் கண் விழிக்கும்போது ஒரே நினைப்பு: இன்றைக்கு அக்கா வீட்டுக்குள் கேஸ் வந்துவிட்டது, அவள் வாசல் வரை வரவில்லை.

3

பள்ளிக்கூடத்தில் தரை துடைக்கும் மருந்தை மாற்றினார்கள். புது டப்பாவைத் திறந்தேன். அடுத்து எனக்கு நினைவிருப்பது பேருந்து நிழற்குடை. மேல்கோட்டு இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். பள்ளிக் காவலர் வாளியைக் கையில் தூக்கிக்கொண்டே என்னைத் தேடி வந்திருந்தார். மூன்றாவது தடவை அப்படி ஆனபோது மேற்பார்வையாளர் மரியாதையாக ஒரு தாள் கொடுத்தார். வைத்தியம் பார்த்துக்கொள், இல்லையென்றால் வேறு வேலை பார்த்துக்கொள். அவ்வளவு நல்ல மொழியில் எழுதியிருந்ததால் மனைவி படித்துச் சொல்லும்வரை பாராட்டுக் கடிதம் என்றே நினைத்திருந்தேன்.

விண்ணப்பம், காத்திருப்பு, மறுபடி விண்ணப்பம், பதினோரு மாதம். அப்புறம் ஹில்டே என்கிற உளவியல் வைத்தியர் கிடைத்தார். டாக்டரம்மா என்று கூப்பிட வாய் வரும். பெயரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டுமாம். சி.பி.டி. என்று அந்தப் பேச்சு வைத்தியத்துக்குப் பெயர். நினைப்பை எழுது, நினைப்புக்கு ஆதாரம் உண்டா என்று பார், பயந்த இடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போ, பயம் தானாக இறங்கும்வரை அங்கேயே இரு. இவ்வளவுதான். மாத்திரை இல்லை.

மொழிபெயர்க்க யோகராணி என்று யாழ்ப்பாணத்துக்காரப் பெண் வந்தார். என் வயதுதான் இருக்கும். "ஐயா, பேஜாரு எண்டால் என்ன? நான் அதை எப்பிடிச் சொல்லுறது?" என்று முதல் நாளே கேட்டார். எனக்கும் சொல்லத் தெரியவில்லை. நெஞ்சுக்குள்ளே ஷேர் ஆட்டோ ஏறி இறங்குகிற மாதிரி என்றேன். அதை அவர் எப்படிச் சொன்னாரோ, ஹில்டே வெகுநேரம் எழுதினார்.

கேள்வித்தாள் ஒன்று. கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை முறை பயந்தாய் என்று கட்டம் கட்டமாக. நான் எல்லாவற்றுக்கும் நடுக்கட்டத்தில் டிக் போட்டேன். அதிகம் சொன்னால் ஆசுபத்திரியில் பிடித்துப் போட்டுவிடுவார்கள், குறைத்துச் சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நடுவில் போடுவது மரியாதை. நிறைய பேர் அப்படித்தான் செய்வார்கள் போல. ஹில்டே சிரிக்காமல் இன்னொரு தாள் எடுத்துக் கொடுத்தார்.

பிறகு ஒரு வட்டம் வரைந்தார். மாமாவின் நுரையீரல் கெட்டதற்கு யார் யாருக்கு எவ்வளவு பொறுப்பு, அப்பம் வெட்டுகிற மாதிரி வெட்டு என்றார். முதலாளிக்கு ஒரு துண்டு, பழைய மூட்டுக்கு ஒரு துண்டு, முகமூடி வாங்காததற்கு ஒரு துண்டு. தலையெழுத்துக்கும் ஒரு பெரிய துண்டு வெட்டினேன். அதை மொழிபெயர்க்கவே யோகராணிக்குக் கால்மணி நேரம் ஆனது. கடைசியில் மீந்தது எனக்கு, விரல் அகலத்தில். பார், இவ்வளவுதான் உன் பங்கு என்று ஹில்டே சொன்னார். எனக்குத் தெரிந்தது, அந்த விரல் அகலத்தில்தான் அந்த வால்வு இருந்தது.

அப்புறம் ஏணி. கீழ்ப் படியிலிருந்து மேல் படி வரை, பயம் பத்திலிருந்து நூறு வரை. மூடிய முடிச்சாயக் குழாயைக் கையில் வைத்திருப்பது பத்து. திறந்து மோந்து பார்ப்பது முப்பது. தரை துடைக்கும் மருந்து ஐம்பது. உச்சியில் என்ன என்று கேட்டார். அக்கா வீட்டில், விடியற்காலையில், அந்த நாற்றம் வரும்போது உட்கார்ந்திருப்பது என்றேன். நூறு என்று எழுதிக்கொண்டார்.

வீட்டுப் பாடமும் இருந்தது. காலையில் எழுந்ததும் நோட்டில் எழுத வேண்டும்: இன்றைக்கு அக்கா வீட்டில் கேஸ் வரும், தொண்ணூறு விழுக்காடு நம்புகிறேன். பிறகு விடிகாலை வேலையின் இடைவேளையில், ஊரில் அப்போது பத்தரை மணி, அக்காவுக்குப் போன் செய்து, உண்மையில் என்ன நடந்தது என்று எதிர்க் கட்டத்தில் எழுத வேண்டும். இதை நான் அக்காவிடமும் சொல்லிவிட்டேன். அதுதான் தப்பு. ஹில்டேவுக்கு அது தப்பு என்று தெரியாது, அவருக்கு எங்கள் ஊர் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதல் நாள் நாற்றம் இருக்கா என்று கேட்டேன். "ஒண்ணியும் இல்லடா. மல்லிப்பூ வாசனை வருது, பக்கத்து வூட்ல கல்யாணம்" என்றாள் அக்கா. எழுதினேன். நோட்டுத் தீருகிறவரை எழுதினேன். இல்லை, இல்லை, இல்லை. தொண்ணூறு எழுபதானது, எழுபது முப்பதானது. பிறகு ஹில்டே, இனி தினமும் கேட்காதே, கேட்பதே ஒரு ஊன்றுகோல், ஞாயிற்றுக்கிழமை மட்டும் கேள் என்றார். அதையும் செய்தேன்.

உன் நினைப்புக்கு ஆதாரம் இல்லை, பார்த்தாயா என்று ஹில்டே அந்த நோட்டைத் தூக்கிக் காட்டினார். அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில்.

4

கடைசி அமர்வு முடிந்து வராந்தாவில் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தேன். யோகராணி தன் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே, தலை நிமிராமல் பேசினார்.

"அறைக்குள்ள நான் சொந்தமா ஒண்டும் கதைக்கக் கூடாது. இப்ப வெளியில நிக்கிறன். உங்கட அக்கா சொல்லுறதை ஆராவது போய்ப் பாத்தவையோ?"

எதற்கு என்று கேட்டேன்.

"எங்கட அம்மாவும் டெலிபோனில ஒரு பிரச்சினையும் இல்லை எண்டுதான் சொல்லுவா. பின்னால ஷெல் விழுற சத்தம் கேக்கும். அது இடி மகள், மழை வரப்போகுது எண்டுவா."

பூட்ஸைக் கட்டி முடித்துவிட்டுப் போய்விட்டார். எனக்குக் கோபம் வந்தது. குணமானவனிடம் வந்து இப்படிப் பேசலாமா? தபாலில் கடிதம் வந்தது. சிகிச்சை நல்லபடி முடிந்தது என்று. அதை ஃபிரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டினோம். ஏணியில் ஒரே ஒரு படி பாக்கி. டிக்கெட் எடுத்தேன்.

5

அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். இளைத்திருந்தாள். வயசாகுது இல்ல, பின்ன குண்டாவா இருப்பாங்க என்றாள். கதவுக்குப் பின்னால் ஒரு வாளித் தண்ணீர், அதில் ஊறிக்கொண்டு இரண்டு துண்டு. செருப்பு இரண்டும் வெளியே பார்த்து வைத்திருந்தது. மொட்டை மாடியில் டிஷ் கம்பியில் கட்டிய ஒரு நீலநிற கேரி பேக் காற்றில் படபடத்தது. அவள் அனுப்பிய படங்களில் அதைப் பார்த்து, எந்தப் பிள்ளையோ விட்ட காத்தாடி மாட்டியிருக்கிறது என்று நினைத்திருந்தேன். சந்தில் எல்லா மாடியிலும் ஒன்று இருந்தது. அப்போதும் நான் கேட்கவில்லை.

மறுநாள் விடியலில் அது வந்தது. கனவில்லை. கண், மூக்கு, சாவி. பாயில் எழுந்து உட்கார்ந்தேன். எண்பத்தைந்து. கால் இரண்டும் வாசலுக்குத் திரும்பின. இரு என்று காலுக்குச் சொன்னேன். இதற்காகத்தானே இத்தனை மைல் வந்தது.

அக்கா ஈரத் துண்டோடு வந்து தோளைப் பிடித்து இழுத்தாள். மேல போலாம் வா, கெழக்கால காத்து திரும்பற வரைக்கும் மேல போயி குந்திக்கலாம் என்றாள். இரு அக்கா, கொஞ்ச நேரம், இறங்கிடும் என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டு எண்ணினேன். எழுபது. ஐம்பத்தைந்து. பக்கத்து வீட்டுப் படிகளில் ஆட்கள் ஏறுகிற சத்தம் கேட்டது. நாற்பது. அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். துண்டை என் மூக்கில் வைத்தாள், நான் தள்ளிவிட்டேன். துண்டு வைத்துக்கொண்டால் பாடம் ஆகாது, அதுவும் ஊன்றுகோல். முப்பது. அவள் இருமத் தொடங்கினாள். இருபது.

முப்பது வருடத்தில் முதல் தடவையாக அந்த நாற்றத்தில் என் நெஞ்சு சாதாரணமாக அடித்தது. கண்ணைத் திறந்து, போச்சுக்கா, பயம் போயிடுச்சு என்றேன். அக்கா இருமிக்கொண்டே தலையணைக்கு அடியில் கையை விட்டு, நீலநிற இன்ஹேலர் ஒன்றை எடுத்தாள். ரொம்பப் பழகிய கை.

வெளியே ஓடியபோது ஒருவரை உள்ளே விட்டுவிட்டு ஓடினேன். ஓடாமல் இருந்தபோது ஒருத்தியை உள்ளே பிடித்து வைத்திருந்தேன். ஆபத்து வேறு, பயம் வேறு, நிஜமான ஆபத்தென்றால் கிளம்பிவிட வேண்டும் என்று ஹில்டே தெளிவாகச் சொல்லித்தான் இருந்தார். அவர் மேல் குறை இல்லை. இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளும் அளவுக்கு அந்தச் சந்தில் இடம் இல்லை.

பத்தரை மணிக்கு அவளோடு அங்கன்வாடிக்குப் போனேன். போகாதே என்று சொல்லிப் பார்த்தேன். யாரு முட்டை அவிக்கறது என்று கிளம்பிவிட்டாள். ஒரே அறை, இருபது பிள்ளைகள், ஒரே கூச்சல். சரளா டீச்சர் நாற்காலி போட்டார். அப்போது என் போன் அடித்தது. ஊர் வந்து சேர்ந்தேனா என்று கேட்க மனைவி கூப்பிட்டிருப்பாள்.

போன் அடித்ததும் கூச்சல் நின்றது. இருபது பிள்ளைகளும் ஆளுக்கொரு விரலை எடுத்து உதட்டில் வைத்துக்கொண்டார்கள். ஓரத்தில் ஒரு பெண்குழந்தை, விரலை எடுக்காமலேயே, தோள் குலுங்க, சத்தம் வராமல் இருமியது.

எனக்குப் புரியவில்லை. சரளா டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். "ஃபாரின் மாமா போன் வந்தா யாரும் இருமக் கூடாதுன்னு உங்கக்காதான் சார் பழக்கி வெச்சிருக்கு. எந்தப் போன் அடிச்சாலும் இப்பிடித்தான்" என்றார்.

போனை எடுக்கவில்லை. அது அடித்து ஓயும்வரை பிள்ளைகள் அப்படியே இருந்தார்கள்.

6

சாயங்காலம் மாடியில், காற்று எந்தப் பக்கம் என்று காட்டுகிற அந்த கேரி பேக்குக்குக் கீழே உட்கார்ந்து, எத்தனை நாளாக என்று கேட்டேன். எது என்றாள். நாற்றம் என்றேன். இது நாத்தமா, இது காலையில வர்றது என்றாள். வாரத்தில் இரண்டு நாள், மூன்று நாள். எங்கிருந்து என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. மனு கொடுத்தால் அதிகாரிகள் வந்து காற்றைச் சோதிக்கப் பெட்டி வைத்துப் பார்க்கிறார்கள்; பார்க்கிற அன்றைக்குக் காற்று கடலுக்குப் போகிறது. டாக்டர் அந்த ஏரியாவை விட்டுப் போகச் சொல்லியிருக்கிறார். ரிட்டயர் ஆக மூன்று வருடம் இருக்கிறதே என்றாள், அங்கே நுரையீரலுக்கும் ரிட்டயர்மென்ட் கொடுப்பார்கள் என்பதுபோல.

பொய் ஏன் சொன்னாய் என்றேன்.

"பொய் எங்கடா சொன்னேன்? நீ போன் பண்ற நேரம் அது போயிடும். பத்தரைக்கு கேட்டா இல்லன்னுதான சொல்லணும்? இன்னொண்ணு, அந்தம்மா நோட்டுல எழுத சொல்லிகீறாங்கன்ன. பரிட்ச மாதிரி. நான் கீதுன்னு சொல்லி உனுக்கு மார்க்கு போச்சுன்னா? வேல போச்சுன்னா?"

அவள் எனக்கு மார்க் போட்டிருக்கிறாள். நோட்டு முழுவதும். என் குணம் அந்த மார்க்கில்தான் நிற்கிறது.

மாமாவைப் பற்றி அப்போதுதான் சொன்னேன். வால்வு நாலு எட்டுத் தொலைவில் இருந்ததை, நான் ஓடியதை. தெரியும் என்றாள். அன்னைக்கே அவரு சொல்ட்டாரு. கேரி பேக்கை அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஓடுனதாலதான நைனா நீ கீற. அத்தப் போயி ஒரு சீக்குன்னு சொல்லி, ஓடாத இருக்க கத்துக் குடுத்துகீறாங்க பாரு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. இஸ்திரிக்காரர் சட்டையைத் தீய்த்துவிட்டதைச் சொல்கிற குரல்.

என்னோடு வந்துவிடு என்றேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. போன வருடம்தான் அவளுக்கு விசா கேட்டோம், மூன்று மாதம் வந்து இருக்கட்டும் என்று. திரும்பிப் போவார் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று மறுத்துவிட்டார்கள். மருத்துவமனையிலும் ஆதாரம் கேட்டார்கள், தூதரகத்திலும் ஆதாரம் கேட்டார்கள். ஒரு இடத்தில் அக்காவின் வாய்ச்சொல்லை எடுத்துக்கொண்டார்கள், இன்னொரு இடத்தில் எடுத்துக்கொள்ளவில்லை. "இந்த நாத்தத்துக்குத் திரும்பி வரமாட்டேன்னு அவுனுக்கே தெரிஞ்சிகீது பாரு" என்று சொல்லிச் சிரித்து, சிரிப்பு இருமலாகி, அன்றைக்கு மாடியிலேயே பேச்சு முடிந்தது.

மறுநாள், வாடகைக்கு வேறு இடம் பார்த்துத் தருகிறேன் என்றேன். கொடுங்கையூரா, அங்க குப்பை எரியற புகை, அது உனுக்கு எத்தினி மார்க்கு என்றாள். தெற்கே போகலாம் என்றேன். அங்கே யாருக்குத் தெரியும் என்னை என்றாள். ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். ஒவ்வொன்றையும் அவள் ஏற்கெனவே தட்டிப் பார்த்திருந்தாள். மீதி இரண்டு விடியலும் நானே அவளை மாடிக்குத் தூக்காத குறையாக அழைத்துக்கொண்டு போனேன். ஓடினேன், நடந்தேன், எப்படி வேண்டுமானாலும் சொல்லுங்கள். பயமே இல்லாமல். அதுதான் கொடுமை. பயம் இருந்தால் இன்னும் கொஞ்சம் வேகமாகப் போயிருப்பேன்.

திரும்பி வந்த பிறகு ஹில்டே ஒரு தடவை போனில் கேட்டார், கடைசிப் படி ஏறியாயிற்றா என்று. யோகராணி நடுவில் இருந்தார். ஏறிவிட்டேன் என்றேன். எவ்வளவு இருந்தது, எவ்வளவுக்கு இறங்கியது? எண்பத்தைந்திலிருந்து இருபதுக்கு என்றேன். உண்மைதானே. அவர் மிகவும் சந்தோஷப்பட்டார். அந்தச் சந்தோஷத்தை யோகராணி ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல், எனக்குத் தமிழில் சொன்னார்.

அக்கா வீட்டிலிருந்து கிளம்பிய நாள், மத்தியானம். விம்கோ நகர் வரை ஷேர் ஆட்டோவில் போய் அங்கிருந்து மெட்ரோ பிடிப்பதாக ஏற்பாடு. அக்கா பெட்டியைத் தூக்க வந்தாள்; தரவில்லை. சந்து முனையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. அவற்றின் இடுக்கில் ஆட்டோ வந்து நின்றது. ஏறி உட்கார்ந்தேன். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். மூச்சு வாங்கியது. வாங்காத மாதிரி சிரித்தாள். டிரைவர் ஆக்சிலரேட்டரை முறுக்கினார்.

"அந்தம்மா சொன்ன மாதிரி ஞாயித்துக்கெழம மட்டும் போன் பண்ணு, நைனா. பத்தரைக்கே பண்ணு. நாத்தம் இல்லன்னு சொல்றேன்."